உடுத்தியவர்கள் நிற்கக் கூடாத துறை

உட்காருங்கள், அந்த இருக்கை காலிதான். சீட்டு என் தங்கை பெயரில் இருக்கிறது, தங்கை வரவில்லை. பரிசோதகர் வந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன். பிரெஞ்சு எனக்குத் தமிழைப் போலவே வரும். நீங்கள் தொலைபேசியில் பேசியதைக் கேட்டேன். யாழ்ப்பாணம் என்று பேச்சிலேயே தெரிந்தது. வண்டி ஏறி ஒரு மணி நேரமாகத் தமிழில் ஒரு சொல் காதில் விழவில்லை. அதோடு நீங்களும் ஒரு பெண்; அதனால்தான் கூப்பிட்டேன்.

நான் புதுச்சேரி. பெயர் ரெஜினா. கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியை. அதில் பத்தொன்பது ஆண்டுகள் விடுதியும் என் பொறுப்பில் இருந்தது. ஆகையால் எனக்குப் பேச்சு இப்படித்தான் வரும், எழுதி வைத்ததைப் படிப்பதுபோல. மாணவிகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். முகத்துக்கு முன்னால் சிரித்தவள் ஒருத்தியும் இல்லை.

பாரிஸ் சேர இன்னும் இரண்டு மணி நேரம். இன்று விமானம், என் விசா நாளையோடு முடிகிறது. பன்னிரண்டரைக்கு எனக்கு ஒரு சிறு வேலை இருக்கிறது. அதுவரை நான் சொல்வதைக் கேளுங்கள். ஒரு பெண் தன் தமக்கையை இப்படி நடுவழியில் விடலாமா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் ஒன்றையும் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

செலின் என்னைவிட ஏழு வயது இளையவள். அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். அந்த வழியில் அவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை உண்டு, எனக்கு இல்லை. அவள் நினைத்தால் இங்கேயே இருந்துவிடலாம். நான் நினைத்தாலும் முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்ததும் அவளை நான்தான் அழைத்துக்கொண்டேன். பதினான்கு ஆண்டுகளாக என் வீட்டில் இருக்கிறாள். சமையல் அவள், கடைக்குப் போவது அவள், துணி துவைப்பது அவள், பதினோரு ஆண்டுகளாக வேளை தவறாமல் எனக்கு இன்சுலின் ஊசி போடுவதும் அவள். மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

என் கை நடுங்கும். அதோடு ஊசி தோலுக்குள் இறங்குவதைப் பார்க்க எனக்கு ஆகாது. இதைப் பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். கட்டி. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நான், வைத்தியரிடம் பேசியது நான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். முதலாவது, இங்கே இருக்கும் அவள் மகன் மார்சலுக்கு உண்மையைச் சொல்வதில்லை. வயிற்றில் சிறு அறுவை, இப்போது குணம் என்று நானே கடிதம் எழுதினேன். ஆண்பிள்ளை, பெற்ற தாயின் உடம்பை அவன் அப்படி நினைத்துப் பார்க்கும்படி விடலாமா? இரண்டாவது, அந்த இடம் வெறுமையாகத் தெரியக் கூடாது. மல் துணியில் ஒரு பை தைத்து, அதில் தினையை நிரப்பி, சமையலறைத் தராசில் எடை பார்த்து, ரவிக்கைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும், தினை நிற்கும். ஒரு மழைக்காலத்தில் அதில் வண்டு வைத்துவிட்டது. பிரித்து, வறுத்த தினையாகப் போட்டு மறுபடி தைத்தேன். இவ்வளவும் யார் செய்வார்கள், சொல்லுங்கள்?

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதும் அதை அணிந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். “அக்கா, வேர்க்குது, அரிக்குது, கொஞ்ச நேரம் கழட்டி வைக்கிறேனே” என்பாள். “அரித்தால் பவுடர் போட்டுக்கொள்” என்பேன். ஒழுங்கு என்று ஒன்று உண்டு.

மே மாதக் கடைசியில் இருவரும் வந்தோம். திரும்பும் சீட்டு ஆகஸ்டு பதினெட்டு, இருவருக்கும். அதாவது இன்று. ஆகஸ்டு பிறந்தால் இந்த நாட்டுக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்கு ஓடுகிறார்கள். மார்சலும் அவன் மனைவி வெரோனிக்கும் கடலோரம் ஓர் ஊரில் இரண்டு வாரத்துக்கு வீடு எடுத்திருந்தார்கள். வெரோனிக் பிரெஞ்சுக்காரி, நல்ல பெண்தான், பாத்திரம் கழுவத் தெரியாது. அந்த ஊரை ஊர் என்பதா, சந்தை என்பதா? வரிசையாக ஓட்டல்கள், ஐஸ்கிரீம் கடைகள், வாடகைக்கு நாற்காலி, வாடகைக்குக் குடை. மணலில் கால் வைக்க இடமில்லை. யாரோ ஒருவருடைய எண்ணெய் பூசிய முதுகைத் தாண்டித்தான் கடலைப் பார்க்க வேண்டும். பெண்கள் பாதிப் பேர் மேலே ஒன்றும் உடுத்துவதில்லை. அது இங்கே வழக்கமாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு செபமாலை சொல்வேன்.

வெரோனிக் செலினுக்கு நீலத்தில் ஒரு நீச்சலுடை வாங்கி வந்தாள். அதில் தினைப் பை நிற்குமா? நிற்காது. காரணத்தை அவளிடம் சொல்லவும் முடியாது. ஆகவே செலின் சேலை உடுத்திக் குடையின் கீழ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாள் நன்றாகத்தான் போயிற்று.

ஐந்தாம் நாள் காற்று அடித்தது. வாடகைக் குடை பிய்த்துக்கொண்டு உருண்டது. செலின் அதன் பின்னால் ஓடினாள். மணலின் கோடியில் ஒரு பாறை முனை உண்டு. குடை அதைச் சுற்றிக்கொண்டு அப்பால் போயிற்று, அவளும் போனாள். குடையோடு திரும்பி வர அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம்!

“எங்கே போனாய்?”

“குடை ரொம்ப தூரம் போயிடுச்சுக்கா. பாறைக்கு அந்தப் பக்கம் சின்னதா ஒரு துறை இருக்கு. அங்க ஒருத்தர் புடிச்சுக் குடுத்தாரு.”

“யார் அவர்? என்ன உடுத்தியிருந்தார்?”

“கவனிக்கலையேக்கா” என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். நான் கவனித்தேன், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் காலை ஒன்பதுக்கு நடக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். சரியாகப் பன்னிரண்டேகாலுக்குத் திரும்பிவிடுவாள். பன்னிரண்டரை எனக்கு ஊசி வேளை. அதில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலை ஈரமாக இருக்கும். “கடலில் குளித்தாயா?” என்றால் “ஆமாக்கா, வெரோனிக் வாங்கிக் குடுத்ததைப் போட்டுக்கிட்டுதான்” என்பாள்.

பத்தொன்பது ஆண்டுகள் விடுதி நடத்தியவள் நான். பெண் பொய் சொல்கிறாளா என்று அவள் வாயைப் பார்க்க மாட்டேன், துணிக்கொடியைப் பார்ப்பேன். கொடியில் அந்த நீச்சலுடை ஒரு நாளும் தொங்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடையில் ஒட்டிய விலைச்சீட்டோடு அடியில் கிடந்தது. தலை ஈரம், சேலை காய்ந்தது, உள்பாவாடை காய்ந்தது, நீச்சலுடை புதியது. அப்படியானால் எதை உடுத்திக்கொண்டு குளித்தாள்? நீங்களே விடை சொல்லுங்கள்.

பதின்மூன்றாம் தேதி அவள் பின்னாலேயே போனேன். பட்டுச்சேலை, கைப்பை, குடை. நான் எங்கே போனாலும் அப்படித்தான் போவேன். கடைகள் முடிந்து, வண்டிகள் நிறுத்தும் திடல் முடிந்து, பைன் மரங்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. அங்கே ஒரு மரப் பலகை. இதற்கு மேல் உடுப்பின்றி நடமாடுவோர் இருப்பார்கள் என்று நாகரிகமான பிரெஞ்சில் எழுதியிருந்தது. மூன்று முறை படித்தேன். நகராட்சி முத்திரையோடு, சட்டப்படி அனுமதித்த இடம்! பாறையில் வெட்டிய படிகளில் இறங்கினேன். படிகள் முடியும் இடத்தில் காய்ந்துபோன பைன் மரம் ஒன்று. அதன் கிளைகளில் சட்டை, கால்சட்டை, பாவாடை எல்லாம் தொங்கின. கோவில் வாசலில் செருப்பு விடுவோமே, அதுபோல அங்கே உடுப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். ஒரு கிளையில் செலினின் சாம்பல் நிற நூல் சேலை. நான்காக மடித்திருந்தது. மடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

ஊரில் ஈ மொய்ப்பதுபோல் கூட்டம். இங்கே இருபது பேர்கூட இல்லை. எல்லாரும் கிழடுகள். பிறந்த மேனியாக உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார்கள், தக்காளி நறுக்குகிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள். ஏதோ வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல! சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு மூதாட்டிக்கு இரண்டு மார்பும் இல்லை. இரண்டு தழும்பும் வெயிலில் தெரிய, கையில் இருந்த சீட்டைப் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

செலின் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு ஆண்டுகளில் என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கெடுதல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு கிழவர் என்னிடம் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும், தலையில் ஓலைத் தொப்பி மட்டும். “மதாம், வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் வேண்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். “அப்படியானால் மன்னிக்க வேண்டும். உடுத்தியவர்கள் இங்கே நிற்பதில்லை. மற்றவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது” என்றார். கூச்சம்! அவர்களுக்கு! என்னால்! என்னை மேலும் கீழும் பார்த்து, ஆபாசமான ஒன்றைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் ஒரு பெண் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தக் கிழவருடைய பிரெஞ்சில் பிழையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், படித்தவர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திரும்பிப் படியேறினேன். செலின் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவசரப்பட்டுக் கண்டிப்பவள் அல்லள் நான். மறுநாள் மாலை இருவரும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்.”

“நான் கொஞ்ச நாள் இங்கயே இருந்துடலாமான்னு பாக்கறேன்.”

“எங்கே? அந்தத் துறையிலா?”

கத்தி நின்றது. “பாத்துட்டியா?” என்றாள். பிறகு மெதுவாக, “பாத்தா நல்லதுதான். அங்க ஒருத்தி, ரெண்டுமே இல்லக்கா. சீட்டு ஆடிக்கிட்டு உக்காந்திருக்கா. முதல் நாள் குடையத் தேடிப் போனேன்ல, அவளப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன், கை தானா என் நெஞ்சுமேல போச்சு. ‘உனக்குமா? உக்காரு’ன்னு கைய காட்டுனா. எட்டு வருஷத்துல எங்கிட்ட அப்படி ஒருத்தர் சொல்லலக்கா” என்றாள்.

“எனக்கு ஊசி யார் போடுவார்கள்?” என்றேன்.

“அதத்தான் யோசிக்கிறேன். அது ஒண்ணுதான் தடுக்குது.”

கேட்டீர்களா? ஒன்று தடுக்கிறதாம். நான் ஒரு தடை. பீன்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் விடுதி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்குப் பின்புறம் கடல். சில பெண்கள் அனுமதி இல்லாமல் போய்க் குளிப்பார்கள். நான் அடிக்க மாட்டேன், திட்டவும் மாட்டேன். கரையில் அவிழ்த்து வைத்த பாவாடை தாவணியை எடுத்துக்கொண்டு வந்து என் அறையில் உட்கார்ந்துவிடுவேன். உள்ளாடையோடு, ஈரத்தோடு, விடுதி முற்றம் முழுவதும் பார்க்க நடந்து வந்து என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை நடந்தவள் இன்னொரு முறை போக மாட்டாள். ஒருத்தி மட்டும் பொழுது சாயும்வரை தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை. பிடிவாதம். காய்ச்சல் கண்டு ஊருக்குப் போனாள். மறு வருடம் சேரவில்லை. பூரணம் என்று பெயர், கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஒருத்தியும் கடல் பக்கம் போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாள். அந்த ஊரிலும் விழா. பூசை முடிந்து, மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை, படகில் ஏற்றிக் கடலில் ஊர்வலம் விடுவார்கள். “செலின், பூசைக்குக் கிளம்பு” என்றேன். “தலைவலிக்கா, நீ போய்ட்டு வா” என்றாள். பிறந்ததிலிருந்து இந்தத் திருநாளில் பூசை தவறாதவள்! மாதாவுக்கே தலைவலி சொல்கிறாள்!

நற்செய்தி வாசகம் வரை இருந்தேன். பிரசங்கத்தின்போது எழுந்து வெளியே வந்தேன். அந்தப் படிகளில் கடைசிப் படிவரை இறங்கவில்லை; மரத்தின் கிளை மேலிருந்தே கைக்கு எட்டியது. சேலை, பாவாடை, ரவிக்கை, ரவிக்கைக்குள் தினைப் பை. ஒன்றையும் விடவில்லை. கைப்பையில் வைத்தேன். அவள் அங்கேயே உட்கார்ந்து தவிக்கட்டும். அன்று ஒரு நாள் ஊசி தாமதமானால் ஆகட்டும்; இரண்டு மணிக்கு நானே போய், ‘ஊருக்கு வருகிறேன், இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்’ என்று அவள் சொன்ன பிறகு கொடுக்கலாம் என்பது என் திட்டம். கெடுக்க வேண்டும் என்றா செய்தேன்? திருத்த வேண்டும் என்றுதான் செய்தேன்.

திரும்பி வந்தபோது கடற்கரைச் சாலை முழுவதும் ஜனம். பாண்டு வாத்தியம், பூ, கொடி. மார்சலும் வெரோனிக்கும் ஒரு காபிக் கடையின் வாசலில் மேசை பிடித்து வைத்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். “அம்மா எங்க பெரியம்மா?” என்றான் மார்சல். “தலைவலி என்றாளே” என்றேன். அது பொய் இல்லை; அவள் அப்படித்தான் சொன்னாள்.

படகுகள் புறப்பட்டுப் போயின. அப்போது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. சாலையின் கோடியில் அவளைப் பார்த்தேன்.

இடுப்பில் யாருடையதோ ஒரு பச்சைத் துண்டு, லுங்கிபோல. மேலே கழுத்துச் சங்கிலியும் சிலுவையும் தவிர ஒன்றுமில்லை. ஒரு பக்கம் இருந்தது, மறு பக்கம் தழும்பு. அறுபத்திரண்டு வயதுக்காரி, தலைமுடி ஈரமாகத் தோளில் ஒட்டிக்கிடக்க, திருநாள் கூட்டத்துக்கு நடுவே வேகமாக நடந்து வருகிறாள்.

அதைவிடக் கொடுமையைக் கேளுங்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தவர்கள் நக்கிக்கொண்டிருந்தார்கள். பாண்டுக்காரன் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு சிறுமி மட்டும் தழும்பைக் காட்டி ஏதோ கேட்டாள். செலின் நின்று, குனிந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு வந்தாள். அவமானம் என்று ஒன்றை உண்டாக்க ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள், ஒருவர்கூட உதவவில்லை.

நான் எழுந்து நின்றேன். நாற்காலி விழுந்தது. “வெட்கம் கெட்டவளே! செத்துப்போயேன்! தெருவிலா வந்து நிற்கிறாய்!” என்றேன். இத்தனை ஆண்டுகளில் நான் பொது இடத்தில் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். அப்போது எல்லாரும் திரும்பினார்கள். என்னைப் பார்த்தார்கள். பட்டுச்சேலையோடு, குடையோடு, தமிழில் கத்திக்கொண்டு நின்ற என்னை. ஒருவன் கைப்பேசியில் படமும் எடுத்தான்.

அவள் மேசை அருகில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. துணி எங்கே என்று கேட்பாள், அழுவாள் என்று பார்த்தேன். அவள் சொன்னது என்ன தெரியுமா?

“அக்கா, மணியாச்சு. ஊசி எங்க, வீட்லயா?”

மார்சல் எழுந்துவிட்டான். தாயின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா, இது என்ன? இது எப்போ?” என்றான்.

“எட்டு வருஷமாச்சுப்பா.”

“வயித்துல ஆபரேஷன்னு பெரியம்மா எழுதினாங்களே!”

“பெரியம்மா எழுதினாங்க” என்றாள் அவள். அவ்வளவுதான். என்னைக் காப்பாற்ற ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான். பிறகு அந்த நடுத்தெருவில் முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான். வெரோனிக் என்னைப் பார்த்து, “மதாம், உங்கள் கைப்பையிலிருந்து சேலை வெளியே தெரிகிறது” என்றாள். நல்ல பெண் என்று சொன்னேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தோம். செலின் கையைக் கழுவினாள். கதவைச் சாத்தினாள், சன்னல் திரையை இழுத்தாள். எனக்கு அது வேண்டும். வயிற்றில் போடும் ஊசி, சேலையை விலக்க வேண்டும், ஈ எறும்புகூடப் பார்க்கக் கூடாது. போட்டாள். எப்போதும்போல், “வலிச்சுதா?” என்று கேட்டாள். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் கேட்பாள். நான் பதில் சொல்வதில்லை. வலித்தால் சொல்ல மாட்டேனா, கேட்பானேன்?

பிறகுதான் சொன்னாள். “நான் வரலக்கா.”

“துணியை எடுத்ததற்காகவா?”

“துணிக்காக இல்ல. அங்க இருந்தவங்க எல்லாரும் சட்டை தரேன், பாவாடை தரேன்னாங்க. அந்தக் கிழவி தன் கவுனையே அவுத்த இடத்துலேர்ந்து எடுத்துட்டு வந்தா. மணியப் பாத்தேன், உனக்கு ஊசிக்கு நேரமாச்சு. கைக்குக் கிடைச்ச துண்டச் சுத்திக்கிட்டு ஓடி வந்தேன். கடைத்தெரு வந்தப்புறம்தான் எப்படி வரேன்னு பாத்தேன். பாத்தா, வெக்கமே வரல. எட்டு வருஷமா நீ சொல்லிக்குடுத்தது, அரை மணி நேரத்துல மறந்துபோச்சுக்கா.”

“நன்றி கெட்டவள்” என்றேன்.

“ஊசி போடக் கத்துக்குடுக்கறேன். மூணு நாள் இருக்கு, நீ சட்டுன்னு கத்துக்குவே.”

கற்றுக்கொடுப்பது என் தொழில், அவளிடம் கற்றுக்கொள்வதா? முடியாது என்றேன். மார்சல் ஒரு நர்ஸை வரவழைத்தான். மூன்று நாள் அவள்தான் போட்டாள், குளிர்ந்த கை. இன்று காலை மார்சல் ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றினான். “பெரியம்மா” என்றுகூடக் கூப்பிடவில்லை. செலின் வரவில்லை. தக்காளி சாதமும் ஒரு தாளும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அந்தச் சேலையைக் கேட்கவும் இல்லை. கேட்டால் கொடுத்திருப்பேன். இதோ, என் பையிலேயே இருக்கிறது. இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். தினைப் பையும் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான தையல். ஏன் கையை இழுத்துக்கொள்கிறீர்கள்? துணிதானே.

இப்போது சொல்லுங்கள். யார் மேல் குற்றம்?

ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? சரி. இந்தக் காலத்துப் பெண்கள் எதற்கும் முகத்துக்கு நேரே பதில் சொல்வதில்லை.

மணி என்ன? பன்னிரண்டு முப்பத்திரண்டா? அந்த நீலப் பெட்டியை எடுங்கள், மேலே இருக்கிறது. உள்ளே பேனா மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் மருந்து. செலின் கொடுத்த தாளைப் பாருங்கள்; படம் வரைந்திருக்கிறாள், அளவு பதினான்கு, திருகினால் எண் தெரியும். ஒரு கையால் சதையைப் பிடித்து மறு கையால் அழுத்த வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யும். என்னால் முடிந்தால் உங்களைக் கேட்பேனா? என் கையைப் பாருங்கள்.

கழிப்பறையிலா? அங்கே ஒரு ஆள் திரும்ப இடமில்லை; வண்டி ஆடுகிற ஆட்டத்தில் நிற்கவும் முடியாது. இங்கேதான் போட வேண்டும். முதலில் இந்தச் சேலையை விரித்து எனக்கு முன்னால் மறைத்துப் பிடியுங்கள். நன்றாக உயர்த்திப் பிடியுங்கள், அந்த வரிசையில் நான்கு ஆண்கள் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம். இப்போது ஊசியை எடுங்கள்.

இரண்டு கையும் சேலையில் இருக்கிறதா?

சேலையை வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா என்கிறீர்களா? வேண்டாம். அந்நியர்.

செலினுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. வீட்டில் கதவு இருந்தது.

முப்பத்தைந்து ஆகிவிட்டதா? ஊசிக்குப் பிறகுதான் சாப்பாடு; பசியில் எனக்குக் கண் இருட்டினால் பிறகு பேச முடியாது.

சரி. சேலையைக் கீழே போடுங்கள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். யாராவது பார்க்கிறார்களா? பார்த்துச் சொல்லுங்கள். அந்த மூலையில் இருக்கும் தாடிக்காரர்? அவரும் இல்லையா? ஒருவர்கூடவா?

போடுங்கள்.

போட்ட பிறகு ‘வலித்ததா’ என்று கேளுங்கள். கேட்பது வழக்கம்.